ஒரு பிரசவம், மூன்று கணக்கு: சுகாதாரத் துறை அறிக்கைகள் ஏன் ஒத்துப்போவதில்லை, எப்படிச் சீராக்குவது

சிவகங்கை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண் முதல் குழந்தையைச் சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கிராம சுகாதாரச் செவிலியர் அவரை, கர்ப்பிணிகளைப் பின்தொடரும் பிக்மி என்ற மென்பொருளில் பதிந்து, ஆர்சிஎச் எண் என்ற 12 இலக்க அடையாள எண்ணைக் கொடுக்கிறார். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிகிறது. வழக்கம்போல் தாய்வீட்டுக்கு, விருதுநகர் மாவட்டத்துக்குப் போகிறார். அங்குள்ள செவிலியரும் அவரைத் தன் பதிவேட்டில் எழுதிக்கொள்கிறார், இரத்த அழுத்தம் பார்க்கிறார், இரும்புச்சத்து மாத்திரை தருகிறார். பிரசவ நேரத்தில் சிக்கல் தெரிந்ததும் மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். மார்ச் 28ஆம் தேதி அங்கே குழந்தை பிறக்கிறது.

இந்தப் பிறப்பு எந்த மாவட்டத்தின் கணக்கு, எந்த மாதத்தின் கணக்கு?

1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, நிகழ்வு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிய வேண்டும். ஆகவே பிறப்புச் சான்றிதழ் மதுரையில் கிடைக்கும். தகவல் தர 21 நாள் அவகாசம் உண்டு என்பதால் பதிவு ஏப்ரலில் விழவும் வாய்ப்புண்டு. 2008 முதல் நாடு முழுவதும் நடப்பில் இருக்கும் எச்எம்ஐஎஸ் என்ற மாதாந்தர அறிக்கை முறை, மருத்துவமனையை அலகாகக் கொண்டது. அதில் இது மதுரையின் மார்ச் மாதப் பிரசவம். இரட்டைக் குழந்தை என்றால் அங்கே பிரசவம் ஒன்று, பிறப்பு இரண்டு. பிக்மி தாயைப் பின்தொடர்வது. அதில் இது சிவகங்கையின் பிரசவம். தாய்வீட்டுச் செவிலியர் பழைய எண்ணைக் கேட்காமல் புதிதாகப் பதிந்திருந்தால், விருதுநகரிலும் ஒரு கர்ப்பிணி கூடியிருப்பார். சிவகங்கையில் அவர் ‘பிரசவ விவரம் தெரியவில்லை’ என்று நிலுவையில் நிற்பார்.

மூன்று கணக்கும் அதனதன் அளவில் சரி. மதுரை மருத்துவமனைக்கு எத்தனை மகப்பேறு மருத்துவர் தேவை என்பதை எச்எம்ஐஎஸ் சொல்லும். சிவகங்கைத் தாய்மார்களில் எத்தனை பேருக்கு நான்கு முறையாவது கர்ப்பகாலப் பரிசோதனை நடந்தது என்பதைப் பிக்மிதான் சொல்ல முடியும். குழந்தையின் சட்டப்படியான அடையாளம் பதிவுச் சட்டத்திலிருந்து வருகிறது. ஒரு கேள்விக்கான எண்ணை வேறொரு கேள்விக்குப் பதிலாக எடுத்து ஆய்வுக் கூட்டத்தில் வைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது. ‘இரண்டு கணக்கும் இடிக்கிறதே’ என்று அதிகாரி கேட்பார். யாருக்கும் சட்டென்று பதில் தெரியாது. ‘சரி, நேரடியாகக் கேட்டு வாங்குங்கள்’ என்று உத்தரவு வரும். அங்கே பிறக்கிறது நான்காவது படிவம்.

சீரமைப்பு என்றதும் புதிய போர்ட்டல், புதிய செயலி என்று யோசிப்பவர்கள் இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். தமிழ்நாட்டுச் சுகாதாரத் துறையில் தரவுக்குப் பஞ்சமே இல்லை. மாநிலத்தின் தலைமைப் பிறப்பு, இறப்புப் பதிவாளராக இருப்பவரே பொது சுகாதாரத் துறை இயக்குநர்தான். கர்ப்பிணியைப் பிக்மியில் பதிவதும் அதே துறையின் செவிலியர்தான். ஒரே கூரையின் கீழ் இருக்கும் தரவு ஒன்றோடொன்று பேசாததால், மேலே இருப்பவர்கள் திரும்பத் திரும்பக் கீழே கேட்கிறார்கள்.

கீழே என்றால் யாரிடம்? சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் 3,000 பேருக்கு ஒன்று என்ற கணக்கில் அமைக்கப்படும் துணை சுகாதார நிலையத்தின் செவிலியரிடம். அவர் கையில் பிக்மி இருக்கிறது, தடுப்பூசிக்கு யு-வின் இருக்கிறது, காய்ச்சல் கண்காணிப்புக்கு ஐஎச்ஐபி இருக்கிறது, மாத முடிவில் எச்எம்ஐஎஸ் இருக்கிறது. இவை போக, வாட்ஸ்அப் குழுவில் ‘இன்று மாலை 4 மணிக்குள்’ என்று வந்து விழும் கூகுள் ஷீட்டுகள். ஒரே குழந்தையின் பெயரும் பிறந்த தேதியும் தாயின் கைபேசி எண்ணும் வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு எழுத்துக்கூட்டலில் ஏறுகின்றன. அந்த நேரம் முழுதும் வீடு பார்க்கப் போக வேண்டிய நேரம்.

முதல் வேலை: படிவக் கணக்கெடுப்பு

மென்பொருள் வாங்கும் முன் செய்ய வேண்டியது இது. இரண்டு மூன்று துணை சுகாதார நிலையங்கள், ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், ஒரு வட்டார மருத்துவ அலுவலகம் என்று தேர்ந்தெடுத்து, ஒரு மாதத்தில் அங்கிருந்து வெளியே போகும் ஒவ்வொரு அறிக்கையையும் ஒரு பட்டியலில் ஏற்ற வேண்டும். படிவத்தின் பெயர், கேட்பது யார், எந்த ஆணை அல்லது கடிதத்தின்படி, எத்தனை நாளுக்கு ஒருமுறை, நிரப்புவது யார், எத்தனை நிரல் (கட்டவரிசை), எவ்வளவு நேரம் பிடிக்கிறது, கடைசியாக இதை வைத்து என்ன முடிவெடுத்தார்கள் என்பவையே பட்டியலின் நிரல்கள். அலுவலக அறையில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பாதிதான் வரும். வாட்ஸ்அப் வழியாகக் கேட்பவை அதில் இடம்பெறவே மாட்டா. செவிலியரின் மேசைக்கே போய், பதிவேடுகளைக் கையில் எடுத்துப் பார்த்து எழுத வேண்டும்.

பட்டியலில் ‘எந்த ஆணையின்படி’ என்ற நிரல் பல வரிகளில் காலியாக இருக்கும். எப்போதோ ஒரு காய்ச்சல் பருவத்தில் கேட்ட தினசரி அறிக்கை, நிறுத்தச் சொல்ல ஆளில்லாததால் தொடர்ந்துகொண்டிருக்கும். ‘என்ன முடிவெடுத்தார்கள்’ என்ற நிரல் அதைவிடக் காலியாக இருக்கும். இந்த இரண்டு நிரலும் காலியான படிவங்களை முதலில் நிறுத்தலாம். மிஞ்சியவற்றை நிரல் நிரலாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஒரு படிவத்தின் நிரல்களில் பெரும்பகுதி இன்னொன்றில் ஏற்கெனவே இருப்பது தெரியவரும். நபர்வாரிப் பட்டியல் ஒழுங்காக இருந்தால் மொத்த எண்ணிக்கையைத் தனியாகக் கேட்கவே தேவையில்லை. பட்டியலை எண்ணினால் மொத்தம் கிடைத்துவிடும். ஆட்களைத் தனித்தனியாகப் பதியவைத்துவிட்டு, அவர்களைக் கையால் எண்ணி இன்னொரு படிவத்தில் எழுதச் சொல்வதுதான் இன்றைய வேலைச்சுமையின் பெரும்பகுதி. பிழைகள் நுழைவதும் அந்தக் கையெண்ணலில்தான்.

இனி வரப்போகும் படிவங்களுக்கும் ஒரு வாசல் வேண்டும். மாவட்ட அளவில் ஓர் அலுவலரைக் குறித்து, எந்தப் பிரிவு புதிய விவரம் கேட்டாலும் அவர் வழியாகத்தான் போக வேண்டும் என்று எழுத்தில் ஆணையிட வேண்டும். அவர் பார்க்க வேண்டியது இரண்டு. இது ஏற்கெனவே இருக்கும் தரவிலிருந்து கிடைக்குமா? கிடைக்காது என்றால், இந்தப் படிவம் எந்தத் தேதியில் முடியும்? முடிவுத் தேதி இல்லாத படிவத்தை அனுமதிக்கக் கூடாது.

சொல்லுக்குப் பொருள் ஒன்றுதானா?

படிவத்தின் ஒவ்வொரு சொல்லும் எதைக் குறிக்கிறது என்று விளக்கும் தரவு அகராதி என்ற ஓர் ஆவணம் பெரும்பாலான அலுவலகங்களில் இருக்காது. இருந்தாலும் களத்தில் இருப்பவர் கண்ணில் பட்டிருக்காது. ‘முழுத் தடுப்பூசி பெற்ற குழந்தை’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எச்எம்ஐஎஸ் கேட்பது, 9 முதல் 11 மாதத்துக்குள் பிசிஜி, போலியோ மூன்று தவணை, பென்டாவேலன்ட் மூன்று தவணை, தட்டம்மை ரூபெல்லா முதல் தவணை ஆகிய எல்லாவற்றையும் முடித்த குழந்தைகளின் எண்ணிக்கை. தேசியக் குடும்பநல ஆய்வு எடுத்துக்கொள்வது 12 முதல் 23 மாதக் குழந்தைகளை. அட்டை இல்லாவிட்டால் தாயின் நினைவையும் அது ஏற்கும். இரண்டு சதவீதமும் எப்படி ஒன்றாக இருக்கும்?

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் உண்டு. 2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடக்காததால், ‘இந்த ஆண்டு இத்தனை குழந்தைகள் பிறக்கும்’ என்ற இலக்கு 2011 கணக்கை நீட்டிப் போட்ட மதிப்பீடுதான். ஆலை வேலைக்கு ஆட்கள் வந்து குவிந்த இடங்களில் குழந்தைகள் மதிப்பீட்டைவிட அதிகம், ஆகவே சாதனை நூறு சதவீதத்தைத் தாண்டும். ஊரே பிழைக்கப் போன பகுதியில், இருக்கும் எல்லாக் குழந்தைக்கும் ஊசி போட்டாலும் எண்பதைத் தொடாது. இதை விளக்காமல் ‘ஏன் குறைவு’ என்று கூட்டத்தில் நிற்கவைத்துக் கேட்டால், அடுத்த மாதம் எண் கூடும், குழந்தைகள் கூடமாட்டார்கள். தரவு கெடுவதற்கு இதைவிட உறுதியான வழி கிடையாது.

அகராதியில் ஒவ்வொரு அளவீட்டுக்கும் எதை எண்ணுகிறோம், எதால் வகுக்கிறோம், எந்த வயது, எந்தத் தேதி (நிகழ்ந்ததா, பதிந்ததா), எந்த இடம் (வசிப்பதா, நிகழ்ந்ததா), மூலம் எது என்று ஆறு வரி போதும். தமிழில் இருக்க வேண்டும். நிரப்பும் படிவத்தின் பின்பக்கத்திலேயே அச்சிட்டுவிட்டால் இன்னும் நல்லது.

பூஜ்யமும் வெற்றிடமும் ஒன்றல்ல என்பதையும் அதில் எழுதிவைக்க வேண்டும். நோய்க் கண்காணிப்பில் ‘இந்த வாரம் ஒருவரும் இல்லை’ என்பது முழுமையான ஒரு செய்தி. அறிக்கையே வரவில்லை என்பது வேறு செய்தி. வெற்றிடத்தை மென்பொருள் பூஜ்யமாகக் கூட்டிவிட்டால், காய்ச்சல் பரவும் ஊரில் செவிலியர் விடுப்பில் போன வாரம் அந்த ஊர் நோயற்ற ஊராகத் தெரியும். அதனால்தான் எத்தனை நிலையங்களிலிருந்து அறிக்கை வந்தது என்ற எண்ணை எப்போதும் நோயாளிகள் எண்ணிக்கைக்குப் பக்கத்திலேயே காட்ட வேண்டும்.

பிறந்த குழந்தையின் எடையில் இன்னொரு பாடம் இருக்கிறது. 2,500 கிராமுக்குக் கீழ் என்றால் எடைக்குறைவு. பல இடங்களின் பதிவுகளைச் சேர்த்து வரைந்தால், சரியாக 2.5 கிலோவில் ஒரு கோபுரம் எழும்பும். தராசு முள்ளைப் பார்த்து வசதியான எண்ணுக்குத் தள்ளுவதால் வருவது அது. கோபுரத்துக்குள் ஒளிந்திருப்பவை 2,420, 2,460 கிராம் குழந்தைகள், தனிக் கவனம் வேண்டியவை. எண்முறைத் தராசும், கிலோவில் கேட்காமல் கிராமில் கேட்கும் பெட்டியும், 500க்குக் கீழும் 6,000க்கு மேலும் போனால் ‘சரிபார்க்கவும்’ என்று நிறுத்தும் ஒரு விதியும் இருந்தால் இது வெகுவாகக் குறையும். 2.5, 2500 இரண்டையும் ஏற்கும் பெட்டி சராசரியையே நாசமாக்கிவிடும்.

ஊர்ப் பெயரும் எழுத்துருவும்

புதூர், புதுப்பட்டி என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள்! ஒரே ஊரையே ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறோம். பெயரை வைத்து இரண்டு பட்டியலை இணைக்க முயன்றவர்களுக்கு அந்தத் தலைவலி தெரியும். மத்திய அரசின் உள்ளாட்சி அடைவு ஒவ்வொரு மாவட்டம், ஒன்றியம், ஊராட்சி, வருவாய்க் கிராமத்துக்கும் ஒரு குறியீட்டு எண் தருகிறது. மருத்துவ நிலையங்களுக்கும் தேசிய அடையாள எண் உண்டு. எந்த அட்டவணையிலும் ஊர்ப் பெயருக்கு முன்னால் இந்த எண்ணுக்கு ஒரு நிரல் என்பதை விதியாக்கினால் இணைப்பு வேலை நிமிடங்களில் முடியும்.

எல்லைகள் மாறுவதையும் எழுதிவைக்க வேண்டும். 2011இல் 32ஆக இருந்த மாவட்டங்கள் இப்போது 38. 2019இல் தென்காசி பிரிந்ததும் திருநெல்வேலியின் எல்லா எண்களும் சட்டென்று இறங்கின. வேலூர் மூன்றானது. அதை அறியாதவர் வரைபடத்தைப் பார்த்தால் பிறப்பு விகிதம் சரிந்துவிட்டதாக எண்ணுவார். சுகாதாரத் துறைக்கு இன்னொரு மடிப்பும் உண்டு. அதன் சுகாதார மாவட்டங்கள் வருவாய் மாவட்டங்களோடு முழுவதும் பொருந்துவதில்லை. விருதுநகருக்குள் சிவகாசி, திண்டுக்கல்லுக்குள் பழனி, இராமநாதபுரத்துக்குள் பரமக்குடி தனிச் சுகாதார மாவட்டங்கள். ஆட்சியருக்குப் போகும் அறிக்கையில் ‘விருதுநகர்’ என்று எழுதினால் சிவகாசி அதில் உண்டா, இல்லையா என்பதைத் தலைப்பிலேயே சொல்லியாக வேண்டும்.

பழைய கோப்புகளில் எழுத்துருச் சிக்கல். ஒருங்குறிக்கு (யூனிகோடு) முன் வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டச்சிட்ட பட்டியல்களில் பெயரைத் தேடினால் கிடைக்காது. கணினிக்கு அவை வெறும் ஆங்கில எழுத்துக் கலவை. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பழக்கம் முழுதாக மாறவில்லை. ஒருங்குறிக்கு மாற்றும் கருவிகள் இலவசமாகவே இருக்கின்றன. மாற்றியபின் ஒற்றெழுத்து, கொம்பு, ஸ்ரீ, எண்கள் ஆகியவற்றை மட்டும் கண்ணால் சரிபார்த்தால் போதும்.

எக்செல் செய்யும் சேதம் தனி ரகம். சாதாரண வடிவில் இருக்கும் கட்டத்தில் 12 இலக்க ஆர்சிஎச் எண்ணை இட்டால், நடுவில் ஓர் ஆங்கில எழுத்தோடு சுருக்க வடிவில் காட்டும். அப்படியே சிஎஸ்வி கோப்பாகச் சேமித்தால் கண்ணுக்குத் தெரிந்த சுருக்கம்தான் மிஞ்சும். மீதி இலக்கங்கள் போனது போனதுதான். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்களில் கடைசி இலக்கங்கள் தாமாகவே பூஜ்யமாகிவிடும். எண்ணை இடும் முன் அந்த நிரலை உரை வடிவுக்கு மாற்றுவதுதான் எளிய காப்பு. தேதியில் 03/04 என்பது மார்ச்சா ஏப்ரலா என்ற குழப்பத்துக்கு, ஆண்டு-மாதம்-நாள் என்ற வரிசையைக் கட்டாயமாக்க வேண்டும்.

இதெல்லாம் சில்லறை விஷயம் என்று தோன்றினால் இங்கிலாந்தில் நடந்ததைப் பாருங்கள். 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரை 15,841 கோவிட் தொற்றாளர்கள் தினசரிக் கணக்கில் விடுபட்டார்கள். ஆய்வகங்கள் அனுப்பிய பட்டியலை 65,536 வரிகளுக்கு மேல் கொள்ளாத பழைய எக்செல் வடிவத்தில் ஏற்றியதுதான் காரணம். மிஞ்சிய வரிகள் ஓசையில்லாமல் உதிர்ந்தன. தொற்றியவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணிதான் நாள்கணக்கில் தாமதமானது. அனுப்பிய வரிகள் எத்தனை, ஏறிய வரிகள் எத்தனை என்று இரு பக்கமும் ஒப்பிடும் ஒரே ஒரு சோதனை இருந்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

வேகமும் உறைநாளும்

நம்மூரில் நன்றாகச் செய்யப்பட்ட மாற்றம் ஒன்றையும் சொல்ல வேண்டும். ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டம் 2004இல் தொடங்கியபோது, அறிகுறிகளைச் செவிலியரும், உத்தேச நோயை மருத்துவரும், உறுதியானதை ஆய்வகமும் என்று மூன்று படிவங்களில் வாரம் ஒருமுறை தாளில் அனுப்பினார்கள். மாவட்டத்தில் கணினியில் ஏறும்போது கொசு அடுத்த தலைமுறைக்குப் போயிருக்கும். 2021 ஏப்ரல் 5 அன்று வந்த ஐஎச்ஐபி தளத்தில் அதே மூன்று பார்வையும் தொடர்கிறது, ஆனால் பதிவு நிகழ்ந்த இடத்திலிருந்தே ஏறுகிறது. நோய்களின் எண்ணிக்கையும் 18லிருந்து 33 ஆனது. இடைத்தட்டுகள் கூட்டி எழுதும் வேலையை எடுத்துவிட்டதுதான் அந்த மாற்றத்தின் உயிர்.

ஆனால் எல்லாத் தரவுக்கும் அந்த வேகம் தேவையில்லை. மாதாந்தர எண்களுக்கு ஓர் உறைநாள், அதாவது எண்களை இறுதியாக்கும் நாள், வைக்க வேண்டும். அதற்குப்பின் வரும் திருத்தம் ‘திருத்தம் 1, தேதி, காரணம்’ என்ற குறிப்போடுதான் ஏற வேண்டும். பழைய எண்ணை அழிக்கக் கூடாது. இல்லாவிட்டால் சட்டமன்றத்தில் சொன்ன எண்ணும் இணையதளத்தில் இருக்கும் எண்ணும் வேறாகி, இரண்டும் பொய்யோ என்ற ஐயம் வரும். அனுப்பியவருக்கே அவர் எண்களை ஒரு பக்கத்தில், பக்கத்து நிலையங்களோடு ஒப்பிட்டு, மாதாமாதம் திருப்பி அனுப்புவதும் இதே அளவு முக்கியம். தன் தரவைத் தான் பயன்படுத்தும் செவிலியர் அதைக் கவனமாக எழுதுவார்.

மக்களுக்கு எப்படிக் கிடைக்கும்?

தகவல் உரிமைக்கு 1997லேயே சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு. 2005இன் மத்தியச் சட்டத்தில் பலரும் அறிந்தது, 10 ரூபாய் கட்டி மனு கொடுத்தால் 30 நாளில் பதில் என்ற பகுதி. அதற்கு முந்தைய பிரிவு 4தான் இங்கே முக்கியம். ஆவணங்களை அட்டவணையிட்டுக் கணினியில் வைத்து இணைக்க வேண்டும் என்கிறது 4(1)(அ). கேட்காமலே வெளியிட வேண்டிய 17 வகைத் தகவலை 4(1)(ஆ) சொல்கிறது. மக்கள் மனுப் போடும் தேவையே குறையும்படி இயன்றவரை தானாக வெளியிட வேண்டும் என்கிறது 4(2).

இது நடக்காதபோது என்ன ஆகிறது? 2011இல் மத்திய இடைநிலைக் கல்வி வாரியம் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம், அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும், இல்லாததைத் திரட்டித் தொகுத்துத் தரும் கடமை இல்லை என்று சொன்னது. அலுவலகங்களைப் பொறுத்தவரை நியாயமான வரம்பு அது. ஆனால் தரவு இருபது பதிவேடுகளில் சிதறிக் கிடக்கும் அலுவலகத்தில் ‘தொகுக்கப்படவில்லை’ என்ற பதில் எப்போதும் உண்மையாகவே இருக்கும். மனுதாரர் முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு என்று அலைவார். செவிலியரின் சுமையும் மனுதாரரின் அலைச்சலும் ஒரே கோளாறின் இரண்டு முனைகள்.

ஆகவே பொதுத் தகவல் அலுவலர், வந்த மனுக்களின் பதிவேட்டை ஆண்டுக்கு ஒருமுறை பொருள்வாரியாக எண்ண வேண்டும். ஒரே விவரத்தை மூன்று பேர் கேட்டிருந்தால், அது நான்காமவர் கேட்கும் முன் இணையதளத்தில் இருக்க வேண்டும். அச்செடுத்து, கையெழுத்திட்டு, ஸ்கேன் செய்த பிடிஎஃப் இதற்கு உதவாது. அதிலிருந்து ஓர் எண்ணைக்கூடக் கணக்குக்கு எடுக்க முடியாது. கையெழுத்திட்ட பிரதியோடு விரிதாளையும், தரவு அகராதியையும் சேர்த்து வெளியிட வேண்டும். கேட்பவர்களுக்கும் ஒன்று: ‘தடுப்பூசி நிலவரம் என்ன’ என்று கேட்பதைவிட, இன்ன வட்டாரத்தின் இன்ன மாத எச்எம்ஐஎஸ் அறிக்கையின் மின்பிரதி என்று கேட்பது பலன் தரும். கணினியில் இருப்பதை மின்வடிவில் பெறும் உரிமை பிரிவு 2(j)க்குரிய வரையறையில், அதாவது ‘தகவல் அறியும் உரிமை’ என்பதன் பொருள்விளக்கத்திலேயே இருக்கிறது.

வெளியிடக் கூடாததும் உண்டு. பெயரை நீக்கினால் போதும் என்று நினைப்பது தவறு. ஒரு கிராமத்தில் அந்த ஆண்டு ஒரே ஒரு மகப்பேற்று மரணம் என்றால், ஊருக்கே தெரியும் அது யார் என்று. ஐந்துக்குக் குறைவான எண்களை ‘5க்குக் கீழ்’ என்று மறைப்பது நடைமுறை. ஒரு வட்டாரத்தை மட்டும் மறைத்து மாவட்ட மொத்தத்தைக் கொடுத்தால் கழித்துக் கண்டுபிடித்துவிடலாம், ஆகவே இன்னொரு வட்டாரத்தையும் சேர்த்து மறைக்க வேண்டும். எச்ஐவி விவரங்களுக்கு 2017ஆம் ஆண்டின் தனிச் சட்டமே இரகசியக் காப்பை வலியுறுத்துகிறது. நோயாளிகளின் நபர்வாரிப் பட்டியல் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுவதை இன்றே நிறுத்த வேண்டும். அதற்கு எந்த மென்பொருளும் தேவையில்லை.

கடைசியாக, பழைய பதிவேடுகள். புதிய முறை வந்தபின் இரண்டையும் மூன்று மாதம் சேர்த்து ஓட்டி, எண்களை ஒப்பிட்டு, வேறுபாட்டுக்குக் காரணம் எழுதியபின், ‘இன்ன பதிவேடு இன்ன தேதியோடு முடிக்கப்படுகிறது, ஆய்வின்போது கேட்கப்படாது’ என்று இயக்குநரகத்திலிருந்து எழுத்தில் ஆணை வர வேண்டும். அந்த ஆணை தணிக்கைக்கு வருபவர்களுக்கும் போக வேண்டும். வாய்மொழியாகச் சொன்னால் எந்தச் செவிலியரும் பதிவேட்டை மூடமாட்டார். அடுத்த ஆய்வில் கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.